ஒரு துளி சொல்லும் செய்தி

கேமரன் மலையில் பிரிஞ்சாங் நகரைத் தாண்டி மேலே சென்றால் கியா பார்ம் வரும். அங்குள்ள சந்தையில் முட்டைகோஸ், தக்காளி, சோளம், ஸ்ட்ராபெரி ஆகியவை குவிந்து கிடக்கும். அருகிலேயே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் மலைச்சரிவெங்கும் பரந்திருக்கும். இம்மலைப் பகுதியில் விளையும் காய்கறிகள் லாரிகளில் ஏற்றப்பட்டுக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றன. இன்று பறித்த கீரை, ஓரிரு நாளில் நம் வீட்டுச் சட்டியில் வெந்துகொண்டிருக்கும்.

குளிரும் ஈரமும் நிறைந்த இம்மலையில் காய்கறிகளைப் போலவே பூச்சிகளும் பெருகுகின்றன. அவற்றைக் கட்டுப்படுத்த விவசாயிகள் பூச்சிக்கொல்லி தெளிக்கின்றனர். தெளித்தபின் குறிப்பிட்ட நாள்கள் காத்திருந்து பறித்தால் மருந்தின் எச்சம் குறைந்துவிடும். அவசரப்பட்டுப் பறித்தாலோ, எச்சம் காய்கறியில் அதிகமாகத் தங்கிவிடும். உணவில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்பதற்கு நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் வரம்பு விதித்துள்ளன. ஆனால், எச்சம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைத் துல்லியமாக அளக்கப் பெரிய கருவிகளும் பயிற்சி பெற்ற வேதியியலாளர்களும் உள்ள ஆய்வகம் தேவை. மாதிரியை அனுப்பி முடிவு பெறுவதற்குள் அந்தக் காய்கறியை நாம் உண்டு முடித்திருக்கலாம்.

மாதிரியை ஆய்வகத்திற்கு அனுப்புவதற்குப் பதிலாக, ஆய்வகத்தையே தோட்டத்திற்குக் கொண்டுவர முடியுமா? இக்கேள்விக்கு அறிவியலாளர்கள் தரும் விடைகளுள் ஒன்றுதான் சில்லு வடிவ உயிரி உணரி.

உயிரி உணரிக்கு இரண்டு முக்கியப் பகுதிகள் உண்டு. முதலாவது, ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் அடையாளம் காணும் உயிர்ப்பொருள். இரண்டாவது, அங்கு நிகழும் மாற்றத்தை மின் சமிக்ஞையாக மாற்றும் மின்முனை. இவ்விரண்டையும் விரல்நுனி அளவுள்ள சில்லில் பொருத்தலாம். சில்லில் தலைமுடி அளவே அகலமுள்ள கால்வாய்கள் செதுக்கப்பட்டிருக்கும். அகல்விளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல், கால்வாய் திரவத்தைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும். சில மைக்ரோலிட்டர் திரவமே சோதனைக்குப் போதும். ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு மில்லிலிட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்காகும்.

இத்தொழில்நுட்பம் நமக்கு முற்றிலும் புதியதன்று. 1962ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் லேலண்ட் கிளார்க், நொதியை மின்முனையுடன் இணைத்துக் குளுக்கோஸை அளக்கும் வழியை விளக்கினார். இன்று நீரிழிவு நோயாளிகள் வீட்டிலேயே பயன்படுத்தும் இரத்தச் சர்க்கரைமானி அதன் வழிவந்ததே. விரல்நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தம், சில நொடிகளில் விடை சொல்லிவிடுகிறது.

பூச்சிக்கொல்லியை அறியும் சில்லில் வேறொரு நொதி பயன்படுகிறது. அதன் பெயர் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். பூச்சிகளின் நரம்புகளிலும் மனிதர்களின் நரம்புகளிலும் இது வேலை செய்கிறது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் இந்நொதியை முடக்கித்தான் பூச்சியைக் கொல்கின்றன. சில்லின் மின்முனைமீது இந்நொதி படியவைக்கப்பட்டிருக்கும். அதற்கு ஏற்ற வேதிப்பொருளை விட்டால், நொதி அதைச் சிதைக்கும், மின்னோட்டம் உண்டாகும். காய்கறியை நறுக்கி, கரைசலில் ஊறவைத்து, வடிகட்டிய நீரில் ஒரு துளியை முன்கூட்டியே அச்சில்லில் இட்டிருந்தால் என்னவாகும்? துளியில் எச்சம் இருந்தால் நொதி முடங்கும், மின்னோட்டம் குறையும். எச்சம் கூடக்கூட மின்னோட்டம் மேலும் குறையும். நஞ்சு செயல்படும் முறையே அதைக் காட்டிக்கொடுக்கும் கருவியாகிவிடுகிறது.

இதே நொதியை அடிப்படையாகக் கொண்ட விரைவுச் சோதனையைத் தைவான் 1980களிலிருந்தே காய்கறிகளுக்குப் பயன்படுத்தி வருகிறது. நம் நாட்டிலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், மலேசியப் பெர்லிஸ் பல்கலைக்கழகம் முதலியவற்றில் உயிரி உணரி ஆய்வுகள் நடைபெறுகின்றன.

எனினும், சில்லுக்கும் வரம்புகள் உண்டு. இந்நொதியை முடக்காத பூச்சிக்கொல்லிகளை அதனால் காண இயலாது. வெப்பத்தில் நொதி கெட்டுவிடும். பூண்டு, வெங்காயத்தாள் போன்றவற்றின் சாறு, எச்சம் இல்லாதபோதும் இருப்பதுபோல் காட்டக்கூடும். எனவே, சில்லை ஒரு சல்லடையாகக் கொள்வதே பொருத்தம். ஐயத்திற்குரியவற்றை அது பிரித்துக் காட்டும்; இறுதி முடிவை ஆய்வகமே கூற வேண்டும்.

ஆயினும், அச்சல்லடையின் பயன் பெரிது. லாரி புறப்படும் முன்பே ஐயத்திற்குரிய கூடையை நிறுத்தி வைக்கலாம். மருந்து தெளிக்கும் தொழிலாளியின் இரத்தத்திலும் இந்நொதியின் அளவைச் சோதித்து, அவரது உடல் பாதிக்கப்பட்டுள்ளதா என அறியலாம். உண்பவரின் நலமும் விளைவிப்பவரின் நலமும் ஒரே துளியில் அடங்கியுள்ளன எனலாம். அத்துளி சொல்லும் செய்தியை உரிய நேரத்தில் கேட்பதற்கே இச்சிறு சில்லு உதவுகிறது.