வீட்டுக் கூடத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்!

மைசூரில் புறப்பட்டு, பெங்களூரைத் தாண்டி, ஓசூர் வழியாகத் தூத்துக்குடிக்குப் போகிறது ஓர் எக்ஸ்பிரஸ் ரெயில். ஓசூர் பிளாட்பாரத்தில் நின்று அதை வேடிக்கை பார்க்கும் சிறுவன் என்ன கேட்பான்?

"அப்பா, எனக்கு இந்த ரெயில் வேணும்!"

கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பொம்மை ரெயில் அவனுக்கு வேண்டாம். இதே ரெயில் வேண்டும். இதே பெட்டி, இதே ஜன்னல், இதே கதவு!

இது நடக்கிற காரியமா? நடக்கும். குமிழ் வைத்த சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, நிஜ ரெயிலின் சாயலில் கட்டிவிடலாம். பல நாடுகளில் சிறுவர்கள் மட்டும் அல்ல, தலை நரைத்த பெரியவர்களும் இதைச் செய்கிறார்கள்.

தச்சர் தந்த விளையாட்டு

இந்தக் கட்டைகளில் பெயர் பெற்றது 'லெகோ'. டென்மார்க் நாட்டில் பில்லுண்டு என்ற சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் இருந்தார். பொருளாதார மந்த காலத்தில் தச்சு வேலை குறைந்தது. 1932-ல் அவர் மர பொம்மை செய்யத் தொடங்கினார். அதில் பிறந்ததுதான் இந்தக் கம்பெனி. இன்றைய வடிவில் பிளாஸ்டிக் கட்டை வந்தது 1958-ல். தண்டவாளத்தில் ஓடும் மின்சார பொம்மை ரெயில் வந்தது 1966-ல்.

எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் போதும். அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாகப் பொருத்தலாம் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டு இருக்கிறார்கள்!

45-ல் ஒரு பங்கு

நிஜ ரெயிலை எவ்வளவு சிறிதாக்குவது? அதைச் சொல்வது தண்டவாளம்.

தண்டவாளக் கதை ஓசூருக்குப் புதிது அல்ல. 1913-ல் தர்மபுரியில் இருந்து ஓசூருக்கு வந்த முதல் பாதை மிகக் குறுகியது. அகலம் 762 மில்லி மீட்டர்தான். இரண்டாம் உலகப் போர் காலத்தில் அதைப் பெயர்த்துவிட்டார்கள். 1960-களின் இறுதியில் மீட்டர் கேஜ் வந்தது. 1990-களில் அதுவும் போய் அகலப்பாதை வந்தது. இதன் அகலம் 1,676 மில்லி மீட்டர். பிள்ளைகள் கட்டிப் பிரித்து மறுபடி கட்டுவது போலவே ஓசூர் ரெயில் பாதையும் மூன்று முறை கட்டப்பட்டது!

பொம்மைத் தண்டவாளத்தின் அகலம் சுமார் 37½ மில்லி மீட்டர். நிஜப் பாதை அதைப்போல ஏறத்தாழ 45 மடங்கு. ஆகவே பெட்டியையும் 45-ல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும்.

நம் ரெயில்களில் நெடுங்காலமாக ஓடிவரும் நீல நிறப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அகலம் 3,245 மில்லி மீட்டர். 45-ஆல் வகுத்தால் 72. ஒரு குமிழுக்கு 8 மில்லி மீட்டர் இடம் என்பதால், சரியாக 9 குமிழ் அகலம்! நீளம் 21 மீட்டருக்குச் சற்று அதிகம். அது 47 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது.

எதை விடுவது?

இங்கேதான் சிக்கல். கட்டைகள் பெரும்பாலும் 2, 4, 6, 8 என்று இரட்டைப்படையில் வருகின்றன. 9 வேண்டும் என்றால் ஒற்றைக் குமிழ் வரிசையைச் சேர்த்து ஒட்டுப்போட வேண்டும். பலர் 8 போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது வளைவு. பொம்மைத் தண்டவாள வட்டத்தில் நடுவில் இருந்து விளிம்பு வரை 32 சென்டிமீட்டர்தான். 47 சென்டிமீட்டர் பெட்டி அதில் திரும்பினால், நடுப்பகுதி உள்ளே சாயும். முனைகள் வெளியே நீட்டும். பக்கத்தில் ஸ்டேஷன் கட்டி இருந்தால் இடித்துத் தள்ளிவிடும்!

ஆகவே பெட்டியைக் குட்டையாக்குகிறார்கள். நீலப் படுக்கைப் பெட்டியில் பகுதிக்கு 8 பேர் வீதம் 9 பகுதிகள். மொத்தம் 72 படுக்கைகள். இதில் 6 பகுதிகளை மட்டும் கட்டலாம். பார்ப்பவர் கண்ணுக்குக் குறை தெரியாது. ஆனால் கதவையும் ஜன்னல் கம்பியையும் விட்டுவிட்டால் அது நம் ரெயிலாக இராது.

முழு ரெயிலும் வேண்டும் என்றால்? 20 பெட்டி கோத்தால் நிஜத்தில் சுமார் 450 மீட்டர். பொம்மையில் 10 மீட்டர். கூடத்தில் தொடங்கி, சமையலறையைக் கடந்து, தெருவுக்கே போய்விடும்! என்ஜினும் நான்கு பெட்டியும் போதும் என்று வீட்டார் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அட்டையும் போதும்

இந்தக் கட்டைகளின் விலை அதிகம். எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. அதனால் என்ன? கணக்கு ஒன்றுதான். தடித்த அட்டை, பசை, அடிக்கோல் இருந்தால் 47 சென்டிமீட்டர் பெட்டியை அட்டையிலும் செய்யலாம்.

கைக்கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் லாரியும் செய்யும் ஊர் ஓசூர். ஒரு மில்லி மீட்டர் தவறினால் என்ன ஆகும் என்பது அங்கே வேலை பார்க்கும் தகப்பனாருக்குத் தெரியும். அந்தப் பாடத்தைப் பிள்ளை விளையாட்டாகவே கற்றுக்கொள்கிறான்.

காலமும் நிற்பது இல்லை. 1955-ல் நேரு தொடங்கிவைத்த பெரம்பூர் தொழிற்சாலை, பழைய வகைப் பெட்டி செய்வதை 2018-ல் நிறுத்திவிட்டது. இருக்கும் பெட்டிகளும் ஒவ்வொன்றாக ஓய்வு பெறும். ஓசூரின் குறுகிய பாதை ரெயிலை இன்றைய பிள்ளைகள் பார்த்தது இல்லை. நீலப் பெட்டிக்கும் அந்த நாள் வரும்.

அடுத்த முறை ரெயிலுக்குக் காத்திருக்கும்போது, பிள்ளையின் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். ஜன்னல்களை எண்ணட்டும்; கதவுகளை வரையட்டும். ரெயில் போன பிறகும் அது அவன் வீட்டில் நிற்கும்!