உதவ வந்தவருக்குக் காப்பு

சாலையில் அடிபட்டு இரத்தம் பெருகக் கிடக்கும் மனிதனைச் சுற்றிக் கூடுகிறவர்களில் நெஞ்சில் ஈரமற்றவர் மிகச் சிலரே. தூக்க நீளும் கையைப் பின்னுக்கு இழுப்பது, 'போலீஸ் கேஸ் ஆகிவிடும், கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும்' என்ற பயம்தான். அந்தப் பயம் வெறும் கற்பனையன்று. கார் மோதி விழுந்த ஸ்கூட்டர்காரர் ஒருவரைச் சுமந்து சென்றவரிடம், இத்தகைய கேஸ்களை ஏற்கும் ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறதென்று டாக்டர்கள் கைவிரித்துவிட, அங்கே சேருமுன் அடிபட்டவரின் உயிர் பிரிந்ததென்ற பத்திரிகைச் செய்தியைக் கண்டு மனம் கொதித்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கில்தான், அரசாங்க டாக்டராயினும் தனியார் டாக்டராயினும் உயிரைக் காப்பதே முதற்கடமை, சட்டச் சம்பிரதாயங்கள் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது என்று 1989-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

டாக்டரின் தர்மம் இவ்வாறு நிர்ணயமாயிற்று. தூக்கி வந்தவரின் கதியோ அப்படியே கிடந்தது. சேவ்லைஃப் பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக, உதவ வருபவரைக் காக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளுக்கு 2016 மார்ச் 30 அன்று சுப்ரீம் கோர்ட் சட்டத்தின் வலிமையை அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவு சேர்ந்தது. மறு ஆண்டு விதிகள் வந்தன.

நல்லெண்ணத்துடன், பிரதிபலன் கருதாது உதவியவரின் கவனக்குறைவால் அடிபட்டவருக்குத் தீங்கோ மரணமோ சம்பவித்தாலும், அவர்மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ செல்லாது என்கிறது அப்பிரிவு. பெயரையும் விலாசத்தையும் சொல்லும்படி போலீசார் அவரை நிர்ப்பந்திக்கக் கூடாது என்பதும், அவரே மனமுவந்து சாட்சியாக இசைந்தால், அவருக்குச் சௌகரியமான நேரத்தில், வீட்டிலோ அலுவலகத்திலோ, சீருடையின்றி வந்து ஒரே தடவையில் விசாரணையை முடிக்க வேண்டும் என்பதும் விதிகளின் சாரம். பெயர் சொல்லாமலே விலகிச் செல்லும் உரிமையையே இவற்றில் தலையாயதாக நான் கருதுகிறேன். ஏனெனில் சாமானியனின் அச்சம் முழுவதும் காகிதத்தில் ஏறும் தன் பெயரைப் பற்றியதே. இவ்வுரிமைகளை வட்டார மொழியிலும் எழுதி ஆஸ்பத்திரி வாசலிலோ கண்ணில் படும் வேறிடத்திலோ வைக்க வேண்டுமென்பதும் விதியாதலின், தமிழில் அப்பலகை இல்லாத இடத்தில் அதைக் கேட்டு வாங்கும் பாத்தியதை நமக்கு உண்டு.

ஆயினும் ஒரு பெருங்குறை எஞ்சுகிறது. 134-ஏ பிரிவு மோட்டார் வாகன விபத்தை மட்டுமே அறியும். பஸ் நிலையத்தில் மாரடைப்பால் சரிந்தவரின் மார்பை அழுத்தி மூச்சு மீட்க முனைபவரும், குளத்தில் மூழ்கிய பிள்ளையைக் கரைசேர்ப்பவரும் அதன் நிழலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். அவர்களையும் சந்தேகத்துக்கு இடமின்றி உட்படுத்தும் தனிச் சட்டமொன்றைப் பாராளுமன்றம் தாமதியாது இயற்ற வேண்டும்.