மின்னஞ்சல் ஆர்டர் கோர்ட்டில் செல்லுமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைகளுக்கு இன்று ஆர்டர் வருவது பெரும்பாலும் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோதான். விலை, எண்ணிக்கை, டெலிவரி தேதி எல்லாம் அதிலேயே பேசி முடிந்துவிடும். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு, ‘நாங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே’ என்று வாங்கியவர் கைவிரித்தால் என்ன செய்வது?

சட்டம் பட்டறைக்காரர் பக்கம் இருக்கிறது. மின்னணு வடிவில் போட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. இது 2009இல் நடைமுறைக்கு வந்தது. டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையிலான பாக்சைட் வழக்கில் முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகவே இல்லை. ஆனாலும் மின்னஞ்சல் வழியே ஒப்பந்தம் முடிவாகிவிட்டது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயில் போன்ற சிலவற்றுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது.

ஆகவே சிக்கல் செல்லுபடியில் இல்லை, நிரூபிப்பதில்தான். அங்கேதான் கணிதம் கைகொடுக்கிறது. ஒரு கோப்பை எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டில் செலுத்தினால் 64 எழுத்து நீள ‘ஹாஷ்’ கிடைக்கும். ஆர்டரில் 4,500 ரூபாயை 4,600 என்று மாற்றிப் பாருங்கள்; திருத்தியது ஒரே இலக்கம், ஹாஷோ முற்றிலும் வேறாகிவிடும். டிஜிட்டல் கையொப்பம் இந்த ஹாஷை உங்களிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் பூட்டுகிறது. அதற்கு இணையான பொதுச் சாவியைக் கொண்டு யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஹாஷ் பொருந்தினால் கோப்பில் யாரும் கைவைக்கவில்லை. கையொப்பமும் அந்தச் சாவியால் போட்டதுதான்.

அந்தச் சாவி இருக்கும் யூஎஸ்பி டோக்கனைப் பலர் ஆடிட்டர் அலுவலகத்திலேயே விட்டுவைக்கிறார்கள். இது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். சாவியைக் காக்கும் பொறுப்பைச் சட்டம் அதன் உரிமையாளர் மேல்தான் வைத்திருக்கிறது.

கோர்ட்டிலும் இந்த ஹாஷ் தேவைப்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தின் நகலைக் கோர்ட்டில் காட்டச் சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட்டு, கருவிக்குப் பொறுப்பானவரும் ஒரு நிபுணரும் கையொப்பமிட வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மூல மின்னஞ்சலை அழிக்காதீர்கள், போனை மாற்றும்போது வாட்ஸ்அப் உரையாடலைப் பத்திரப்படுத்துங்கள், வாய்ப்பேச்சில் முடிந்த விலையை அன்றைக்கே எழுதி அனுப்பி ‘சம்மதம்’ என்று பதில் வாங்குங்கள். உழைப்புக்கான கூலியை வாங்கித் தரப்போவது அந்த ஒரு வரிப் பதில்தான்.