தவளைக்கும் தாய்வழிக் குடி உண்டு

எங்கள் வட்டவளை, நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. மஃரிபுக்குப் பிறகு ஓடைக்கரைப் பற்றைகளில் 'டிக் டிக்' என்று கேட்கும். சத்தம் போடுவது பெருவிரல் அளவேயான செடித்தவளை. "அது சும்மா தவக்களை தானே" என்பார்கள் கடைத்தெருவில். சும்மா இல்லை. இதற்கு நீரில் நீந்தும் வாற்பேத்தைப் பருவமே கிடையாது. ஈரமண்ணிலோ இலையிலோ இடும் முட்டையிலிருந்து நேரே குட்டித்தவளையாக வெளிவருகிறது.

இவற்றில் பல வகைகள் பார்வைக்கு ஒரே மாதிரி. பிரித்தறிய உதவியது இழைமணி. கலத்தில் சக்தி தரும் இந்த உறுப்புக்குத் தனியாக ஒரு சிறு மரபணு வளையம் உண்டு. பெரும்பாலும் 37 மரபணுக்கள். அது தாயிடமிருந்தே வரும். அக்கரைப்பற்றில் "நீங்க என்ன குடி?" என்று கேட்டால் உம்மாவின் குடியைச் சொல்வார்களே, அப்படித்தான். தலைமுறைகளில் அதில் சேரும் சிறு மாற்றங்களை ஒப்பிட்டால் யாருக்கு யார் கிட்டிய சொந்தம் என்பது தெரியும்.

2002இல் மாதவ மீகஸ்கும்புரவும் சகாக்களும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதியபோது, இத்தீவின் செடித்தவளை வகைகள் நினைத்ததைவிடப் பல மடங்கு என்பது வெளிப்பட்டது. கடல் தாழ்ந்த காலங்களில் இந்தியாவோடு தரைப்பாலம் இருந்தும் இரு பக்கத்து உயிர்கள் அதிகம் கலக்கவில்லை என்று 2004இல் பிராங்கி பொசுயிற் குழுவினர் காட்டினார்கள். முன்னோர் அங்கிருந்து வந்தவைதான். பிற்காலத்தில் இங்கிருந்து ஒரு கிளை திரும்பியும் போயிருக்கிறது!

ஆனால் உம்மா வழியை மட்டும் நம்பவும் முடியாது. இரு வகைகள் எப்போதாவது கலந்திருந்தால் இழைமணி பாதிக்கதைதான் சொல்லும். வாப்பாவின் சாட்சியும் வேணும். அதற்குக் கலத்தின் கருவிலுள்ள மரபணுக்களையும் பார்க்கிறார்கள்.

கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு வெட்டியதில் எத்தனை குடிகள் போயினவோ. பத்துக்கும் மேற்பட்ட இலங்கைச் செடித்தவளைகள் இன்று நூதனசாலைப் போத்தல்களில் மட்டுமே உள்ளன. கெலார்ட் 1853இல் விவரித்த நட்சத்திரப்புள்ளித் தவளையையும் அழிந்ததென்றே எண்ணினார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அது மீண்டும் கிடைத்தது. வட்டவளைக்கு அந்த மலை தூரமில்லை. எங்கள் ஓடைக்கரைத் தவளையின் குடியை அறிய அதன் விரல்நுனித் துண்டொன்றே போதும். அந்தப் பற்றையைத்தான் விறகுக்கு வெட்டிக்கொண்டிருக்கிறோம்.