ராகலையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் ராகலைத் தோட்ட லயங்களில் ஒரு கேள்வி எழும்: பிள்ளையை எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது? நுவரெலியா, கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுவதால் அதற்கு மேலதிக இடங்களில் பங்குண்டு. எனினும் விண்ணப்பத்தில் பாடநெறிகளை எழுதும் வரிசை பிள்ளையின் வழியைப் பெரிதும் தீர்மானிக்கும். அவ்வரிசையைப் பலர் பிறர் சொற்கேட்டே நிரப்பிவிடுகின்றனர்!

முதலில் நினைவுக்கு வருவது பேராதனை. 1942இல் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அங்கே நிலைகொண்டது. ஹந்தானை மலையடியில், மகாவலிக் கரையில், மரங்களுக்கு இடம்விட்டே கட்டடங்கள் எழுந்தன. சரிவில் மரம் வீழ்ந்தால் மழை மண்ணைக் கொண்டுபோகும் என்பதைத் தேயிலை மலையில் வளர்ந்த பிள்ளைக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எந்த வளாகமாயினும், குடிநீர் எங்கிருந்து வருகிறது, விடுதிக் கழிவு எங்கே போகிறது என்று அப்பிள்ளை வினவுதல் தகும். அங்கே ஆண்டுக்கணக்கில் வாழப்போவது அதுவேயன்றோ?

ஆனால் நிழல்மரம் சோறு போடாது. 2005இல் பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் தனிப் பட்டப் பாடநெறியாகும். கொழுந்து பறித்த தாயின் மகள், அக்கொழுந்து தேயிலையாவதை மேற்பார்வை செய்யும் அதிகாரியாகலாம். கற்பித்தலோ ஆங்கிலத்தில், தமிழில் படித்தவர் முதலாண்டில் திணறக்கூடும். ஆதலால் ஆங்கிலத் துணைவகுப்பு உண்டா, தொழில் வழிகாட்டற் பிரிவு தொழிற்சாலைப் பயிற்சிக்கு இடம் தேடித் தருகிறதா, முன்னர் படித்தோர் எங்கே பணிபுரிகின்றனர் என்பவற்றை விண்ணப்பத்துக்கு முன்பே விசாரித்தறிதல் வேண்டும். மகாபொல உதவிப்பணம் கிடைப்பினும், முதன்மாதத்திலேயே கைக்கு வருமென எண்ணுதற்கில்லை. பஸ் கட்டணத்துக்கும் விடுதிச் செலவுக்கும் வீட்டார் முன்னரே ஒதுக்கிவைத்தல் நலம்.