வீடு கட்டுமுன் மலையைக் கேளுங்கள்



லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போவது நமது நீண்ட நாள் கனவு. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற கணக்கில் பல தோட்டங்களில் வீடுகள் எழும்பியிருக்கின்றன. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. அந்தச் சிறு துண்டில் வீட்டை எங்கே வைப்பது என்பதைப் பற்றி இம்முறை பேசுவோம்.

கண்டிப் பக்கத்துப் பழைய கிராமங்களைப் பாருங்கள். மலை உச்சியில் காடு இருக்கும். நடுச் சரிவில் வீடும் தோட்டமும். பலா, பாக்கு, மிளகு, கராம்பு எல்லாம் வீட்டைச் சுற்றி நிற்கும். பள்ளத்தில் வயல். உச்சிக் காடு மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மரவேர் சரிவைக் கட்டி வைக்கும். மிச்சத் தண்ணீர் வயலுக்குப் போகும். கண்டி நகரிலும் இதே ஒழுங்கைக் காணலாம். தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தைக் காடு. மன்னர் காலத்தில் அங்கே பொதுமக்கள் போகத் தடை. முன்னால் வயலாயிருந்த பள்ளத்தில்தான் 1807 இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வாவியை அமைத்தான். நிலத்தின் போக்கை முதலில் பார்த்தார்கள், பிறகுதான் கட்டினார்கள்.

லயங்கள் அப்படி வந்தவை அல்ல. கோப்பிக் காலத்திலும் சரி, 1867 இல் தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட பிறகும் சரி, ஆட்கள் வேலைக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்பதே கணக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. குடியிருப்பவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்காக நமக்கும் இந்த மண்ணுக்கும் உறவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மலைக்கும் நாம் பேர் வைத்தோம். கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்டுக் கத்தியை எடுத்தோம். எந்தக் கானில் எவ்வளவு தண்ணி வரும், எங்கே கால் புதையும் என்று கொழுந்தெடுக்கும் அம்மாமாருக்குத் தெரியும்.

ஒரு தோட்டத்தில் வீடுகளுக்கு முளை அடித்த இடத்தைப் பார்க்கப் போயிருந்தோம். வேலையை விட்டு நின்ற ஒரு பாட்டி வந்து, “ஐயா, பணிய இருக்கிற நாலு முளையும் ஊத்துக்கு மேல நிக்குது. எங்க மாமியா காலத்துல அங்க பீலி இருந்துச்சு” என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாமும்தான். அடுத்த பெருமழையில் அங்கே தண்ணீர் பொங்கி மண் இறங்கியது. நல்ல வேளை, அத்திவாரம் வெட்டியிருக்கவில்லை. முளைகளைப் பிடுங்கி வேறிடத்தில் அடித்தார்கள்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்திலும் மண்சரிவில் பலர் இறந்தார்கள். எனவே கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்.

1. பழைய ஊற்று, மூடிப்போன கான், முன்பு சரிந்த இடம் எது என்று வயதானவர்களைக் கேளுங்கள்.

2. காணிக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

3. மேட்டை வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, அதன்மேல் சுவர் வைக்காதீர்கள்.

4. கானை அடைக்காதீர்கள். கூரைத் தண்ணீரையும் கானுக்கே விடுங்கள்.

5. சரிவில் நிற்கும் மரங்களை வேரோடு பிடுங்காதீர்கள்.

6. நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று இறுகும் கதவு, கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். பிறகு கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் அறிவியுங்கள்.

லயத்தை எங்கே கட்டுவது என்று நம் பாட்டன்மாரை யாரும் கேட்கவில்லை. இன்று முளை அடிக்க வருகிறவர்களிடம் நாமாகவே போய்ச் சொல்லலாம். சொல்லுங்கள், பாட்டிமாரையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.