ஏன் வைத்தியராக விரும்புகிறாய்?



பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஊடாக நமது மருத்துவ பீடங்களுக்குத் தெரிவாகும் மாணவரிடம், "நீ ஏன் வைத்தியராக விரும்புகிறாய்?" என்று எவரும் கேட்பதில்லை. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியுமே அவருக்காகப் பேசுகின்றன. இம்முறையில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். சிபாரிசுக் கடிதத்துக்கோ செல்வாக்குள்ள மாமாவுக்கோ அங்கே வேலையில்லை. ஆயினும், தன் வாழ்நாளை எதற்காக ஒப்புக்கொடுக்கப் போகிறோம் என்பதை ஒருமுறையேனும் வாய்திறந்து சொல்லாமலே ஒரு பிள்ளை வைத்தியராகிவிட முடிகிறது.

கடல் கடந்து மருத்துவம் கற்க விரும்பும் பிள்ளையை இந்த வினா வாசலிலேயே மறித்து நிற்கிறது. எல்லா நாடுகளிலும் அல்ல. பெறுபேற்றுத் தாளையும் கட்டணத்தையும் பெற்றுக்கொண்டு, நேர்முகமே இன்றி அனுமதிக் கடிதம் அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. (அத்தகைய கடிதத்தை நம்பிக் காணியை ஈடு வைப்பதற்கு முன்னர், அந்நிறுவனத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொள்கிறதா என்று பெற்றோர் விசாரித்து அறிதல் வேண்டும். பட்டத்தோடு திரும்பி வருபவர், பதிவு பெறுவதற்குப் பொதுவாக அச்சபையின் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும்.) ஐக்கிய இராச்சியத்தின் நிலை வேறு. அங்கே ஒருவர் நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். ஒக்டோபர் 15ஆம் திகதியே இறுதி நாள். இங்கிலாந்தில் மருத்துவ இடங்களுள் ஏறத்தாழ 7.5 வீதமே வெளிநாட்டு மாணவருக்குரியது. இத்துணைச் சிறிய வாசலில் முட்டி நிற்கும் அனைவரும் சிறந்த பெறுபேறு உடையவர்களே. ஆகவே பெறுபேறு பிள்ளையை வாசல்வரை கொண்டுசெல்லும்; உள்ளே அழைப்பது நேர்முகம்.

அந்த நேர்முகம் நாம் கற்பனை செய்வது போன்றதன்று. பழைய முறையில் மூவர் அல்லது நால்வர் மேசையின் பின்னே அமர்ந்து அரைமணி நேரம் வினவுவர். முதல் இரண்டு நிமிடங்களில் தோன்றிய விருப்போ வெறுப்போ முழு மதிப்பீட்டின் மீதும் படிந்துவிடும். இக்குறையைக் களைய எண்ணிய கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் புதிய முறையொன்றை வகுத்து, அதனை 2004இல் மருத்துவக் கல்வி ஆய்விதழில் வெளியிட்டனர். இன்று ஐக்கிய இராச்சியத்திலும் அவுஸ்திரேலியாவிலும் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் இதனையே பின்பற்றுகின்றன. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் போன்றவை மட்டும் பேராசிரியரோடு அமர்ந்து ஒரு விஞ்ஞானச் சிக்கலை அவிழ்க்கும் தம் பழைய வழியை விடவில்லை.

புதிய முறையில் வரிசையாகச் சில அறைகள் இருக்கும். ஆறு, எட்டு, சில வேளைகளில் பத்து. கதவில் ஒரு குறிப்பு ஒட்டப்பட்டிருக்கும். அதனை வாசிக்க ஓரிரு நிமிடங்கள். மணி ஒலித்ததும் உள்ளே செல்ல வேண்டும். ஐந்து முதல் எட்டு நிமிடங்களில் மீண்டும் மணி ஒலிக்கும், அடுத்த கதவு. ஒவ்வோர் அறையிலும் வேறொரு மதிப்பீட்டாளர். முந்திய அறையில் நடந்தது அவருக்குத் தெரியாது. அங்கே தடுமாறியவர் இங்கே புதியவராகவே நுழைகிறார். ஒப்புரவுத் திருவருட்சாதனத்தை நிறைவேற்றும் குருவாகிய எனக்கு இவ்வேற்பாட்டின் மீது தனியொரு பிரியம் உண்டு.

அக்கதவுகளில் என்ன எழுதப்பட்டிருக்கும்? பயிற்சி ஏடுகளில் அடிக்கடி காணப்படும் ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் வாகனத்தைப் பின்னோக்கிச் செலுத்தியபோது, அயல்வீட்டு மூதாட்டி அருமையாக வளர்த்த பூனை சில்லில் அகப்பட்டு இறந்துவிட்டது. அறையினுள் அந்த மூதாட்டியாக நடிப்பவர் அமர்ந்திருக்கிறார். அவருக்கு அதைத் தெரிவியுங்கள்.

நமது பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பூனைக்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்பார்கள். சிரித்து முடித்துச் செய்து பார்க்கும்போதுதான் சிக்கல் தெரியும். ஒருவர் வாகனம் எவ்வாறு வந்தது, பூனை எவ்வாறு குறுக்கே பாய்ந்தது என்று தம்மைக் காத்துக்கொள்வார். மற்றொருவர் செய்தியைச் சொல்லாமலே சுற்றிவளைப்பார். இன்னொருவர், கிழவி அழத் தொடங்கும் முன்னரே புதிய பூனை வாங்கித் தருவதாக வாக்களிப்பார். அம்மூதாட்டியை அமரச் செய்து, தெளிவான ஒரு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லி, அதன்பின் மௌனமாக இருப்பவர் மிகச் சிலரே. அந்த மௌனத்தையே மதிப்பீட்டாளர் எதிர்பார்த்திருக்கிறார். நாளை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு தாயிடம் பேச வேண்டியவர் இவரே அல்லவா?

வேறோர் அறையில், காலையில் விடுதிக்கு வந்த மூத்த வைத்தியரிடம் மது வாடை வீசுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கப்படும். பெரியோரைச் சுட்டிக்காட்டாதே என்று வளர்க்கப்பட்ட நமது பிள்ளைக்கு இது கடினமான அறை. எல்லோர் முன்னிலையிலும் அவரை அவமதிக்கவும் கூடாது, மூடி மறைக்கவும் கூடாது. முதலில் நோயாளரிடமிருந்து அவரை விலக்கி, பின்னர் பொறுப்பானவரிடம் அறிவிக்க வேண்டும்.

இனி, "ஏன்" என்ற வினாவுக்கு வருவோம். இதற்குரிய விடைகள் இப்போது விற்பனைக்கு உள்ளன. தனியார் வகுப்புகளிலே எழுதிக் கொடுக்கிறார்கள். ஏழைகளுக்குச் சேவை செய்ய வேண்டும், பாட்டியின் மரணம் என்னை உலுக்கியது என்றவாறு. நமது இளைஞருக்கோ இன்னும் பெரிய மூலதனம் ஒன்று உண்டு என்று சில ஆசிரியர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது போர்.

வன்னியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் அத்தகைய விடையொன்றை மனனம் செய்துகொண்டு குருமனைக்கு வந்தார். 2009இல் தாய் காலை இழந்த கதை. அப்போது அவர் கைக்குழந்தை. விடை நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. எந்த இடத்தில் குரல் தாழ வேண்டும் என்பதுகூடக் குறிக்கப்பட்டிருந்தது. "அம்மாவிடம் கேட்டீரா?" என்று வினவினேன். அவர் கேட்டிருக்கவில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதே இல்லையாம்.

இரு வாரங்களின் பின் மீண்டும் வந்தார். இம்முறை கையில் தாள் இல்லை. தாய் முதன்முறையாக அவரிடம் பேசியிருந்தார். பாடசாலைக் கட்டடம் ஒன்றில் இயங்கிய வைத்தியசாலையில், காலை அகற்றுவதற்கு முன்னர், மயக்க மருந்து போதாது என்பதை வைத்தியர் மறைக்காமல் சொன்னாராம். "அக்கா, செய்யட்டோ?" என்று கேட்டாராம். வெளியே எத்தனையோ பேர் காத்துக் கிடந்தும், அவர் தலையசைக்கும் வரை நின்றாராம். தாயின் நினைவில் தங்கியிருந்தது வலியன்று. அந்த அவலத்திலும் தன்னிடம் ஒருவர் அனுமதி கேட்டார் என்பதே. மகன் இதனை நேர்முகத்தில் சொன்னாரா, தமக்குள்ளேயே வைத்துக்கொண்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. அது தாயினுடையது; சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவர்கள் இருவருக்கும் உரியது.

நமது மொழியில் வினவுவதற்கும் செவிமடுப்பதற்கும் சொல் ஒன்றே: கேட்டல். வள்ளுவரின் "கேள்வி" என்னும் அதிகாரமும் வினாக்களைப் பற்றியதன்று, கேட்டறிதலைப் பற்றியது. மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்திலே எரிக்கோவின் வழியோரம் அமர்ந்திருந்த பர்த்திமேயுவை நினைத்துப் பாருங்கள். அவர் பார்வையற்றவர் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் ஆண்டவர், உமக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே வினவுகிறார். அவர் வாயால் சொன்ன பின்னரே குணமளிக்கிறார்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இன்னுமோர் அறை காத்திருக்கக்கூடும். கருக்கலைப்பை நாடி ஒரு பெண் உங்களிடம் வருகிறார், உங்கள் நம்பிக்கை அதற்கு இடந்தரவில்லை, என்ன செய்வீர்கள்? பிரித்தானியாவின் 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மனச்சான்றின் பேரில் அச்சிகிச்சையில் பங்குகொள்ள மறுக்கும் உரிமையை வைத்தியருக்கு வழங்குகிறது. தாயின் உயிரைக் காக்கவோ, அவருக்கு நேரவிருக்கும் பாரதூரமான நிரந்தரத் தீங்கைத் தடுக்கவோ அது அவசியமாகும் வேளை மட்டும் இவ்வுரிமைக்கு விலக்கு. அந்நாட்டின் பொது மருத்துவ சபையோ, மறுக்கும் வைத்தியர் அப்பெண்ணைக் கடிந்துகொள்ளக் கூடாது, வேறொரு வைத்தியரை நாடும் உரிமை அவருக்கு உண்டு என்பதைச் சொல்ல வேண்டும் என்று பணிக்கிறது.

அந்த அறையில் இரண்டு விதமாகத் தவறுவார்கள். இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தம் நம்பிக்கையை மறைப்பவர் ஒருவர். எதிரில் அமர்ந்திருக்கும் பெண்ணை மறந்து மறையுரை ஆற்றுபவர் மற்றவர். மதிப்பீட்டாளர் பிள்ளையின் மதத்துக்குப் புள்ளியிடுவதில்லை. அப்பெண் கைவிடப்படுவாரா என்பதையே பார்க்கிறார். ஆனால் இது எட்டு நிமிடங்களோடு முடியும் காரியமன்று. மற்றொரு வைத்தியரை நாடலாம் என்று சொல்வதே தம் மனச்சான்றை உறுத்துகிறது என்னும் கத்தோலிக்க வைத்தியர்களும் உளர். அதனை நான் இலேசாக எண்ணவில்லை. ஒரு பிள்ளை இதையெல்லாம் தன் ஆன்ம குருவோடு அமர்ந்து சிந்திக்க வேண்டிய காலம், கட்டணம் கட்டப்படுவதற்கு முந்திய காலமே.

பெற்றோருக்கும் ஒரு சொல். 2020இல் வந்த பெருந்தொற்றின் பின்னர் இந்நேர்முகங்களுள் பல இணையவழி நடைபெறுகின்றன. இங்கிலாந்தில் குளிர்காலக் காலை பத்து மணி என்றால் நமக்குப் பிற்பகல் மூன்றரை. அந்நேரம் பிள்ளை அறையில் தனியே இருத்தல் வேண்டும். கமராவுக்குத் தெரியாமல் சுவரோரம் அமர்ந்து விடை சொல்லிக் கொடுக்கும் தந்தையர் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். வினாக்களை வெளியிடுவதில்லை என்று மாணவரிடம் உறுதி பெறும் கல்லூரிகள் உண்டு. ஆகவே, சென்ற ஆண்டு வினாக்கள் என்று எவரேனும் விற்றால், யாரோ ஒரு பிள்ளையின் உடைந்த வாக்கையே நீங்கள் வாங்குகிறீர்கள். கதவு திறந்ததும் "என்ன கேட்டார்கள்?" என்று விரைந்து வினவ வேண்டாம். தேநீர் கொடுங்கள். சொல்ல விரும்புவதை அப்பிள்ளையே சொல்லட்டும்.